பெட்டி செய்யும் கையும் பொன்னாடை போர்த்தும் கையும்

கோலசிலாங்கூர் வட்டாரத்திலும் அதற்கு வடக்கேயுள்ள தோட்டங்களிலும் வாழும் நம்மவர்களிடம் ஒரு விஷயத்தைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ள விரும்பும் அன்பர்கள், முழுவதையும் படித்து முடித்த பிறகு கோபித்துக்கொள்ளுமாறு முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறோம்.

தோட்டத்தில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரை வாசகர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளட்டும். அவருக்கு நாம் பெயர் சூட்டப்போவதில்லை. புக்கிட் ரோத்தானிலோ, ஈஜோக்கிலோ, ஜெரத்திலோ, இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கும் பத்தாங் பெர்ஜுந்தையிலோ தாம் அறிந்த ஒருவர் பெயர் ஒவ்வொருவருக்கும் தானே நினைவுக்கு வரும். அவர் வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் ஒரு பழைய மேசை. மேசைமேல் உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம். சுவரோரம் பலாப் பலகையும் மெர்பாவ் துண்டுகளும். அவர் சிறிய அலங்காரப் பெட்டிகள் செய்கிறார். நகை வைக்க ஒன்று, வெற்றிலைக்கு ஒன்று, கடுகும் மிளகும் சீரகமும் வைக்க அஞ்சறைப் பெட்டி ஒன்று. பார்க்க வருகிறவர்கள், “பெரியவருக்கு நல்ல பொழுதுபோக்கு” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இந்தப் ‘பொழுதுபோக்கு’ என்கிற சொல்லில்தான் நமது வழக்குத் தொடங்குகிறது. அறுபது வயது வரை கூலி வாங்கிக்கொண்டு செய்த காலத்தில் அதே வேலைக்கு ‘ஆசாரி வேலை’ என்று பெயர். கூலியில்லாமல் செய்யும்போது ‘பொழுதுபோக்கு’ என்று பெயர். இரண்டு பெயரிலும் மரியாதை இல்லை. அன்று ஜாதியைச் சொல்லித் தாழ்த்தினோம்; இன்று முதுமையைச் சொல்லித் தாழ்த்துகிறோம். தொழில் என்று சொல்லி அதற்குரிய விலையைக் கொடுக்க மட்டும் நமக்கு வாய் வரவில்லை.

பெட்டிதானே, நான்கு பலகையைச் சேர்த்தால் பெட்டி என்று எண்ணுகிறவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். மரம் அறுபட்ட பின்னும் சும்மா இருப்பதில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் பலகை அகலவாட்டில் உப்பும், வறண்டால் சுருங்கும், நீளவாட்டில் மட்டும் அவ்வளவாக அசையாது. கடலும் ஆறும் சூழ்ந்த கோலசிலாங்கூரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இதை அறியாதவன் பலகைகளை ஆணியடித்து, மூடியை இறுக ஒட்டினால், சில மாதங்களில் மூடி வெடிக்கும். இல்லையேல் திறக்க மறுக்கும். அறிந்தவரோ மூடிப் பலகையைச் சட்டத்தின் காடியில் ஒட்டாமல் செருகி, அது விரியவும் சுருங்கவும் இடம் விட்டு வைக்கிறார். மூலைகளில் புறாவின் வாலைப்போல் விரித்து வெட்டிய பற்களை ஒன்றோடொன்று கோத்து, ஆணியில்லாமலே இழுத்தாலும் பிரியாதபடி செய்கிறார். மூடியைத் தனியே செய்தால் பொருந்தாது என்பதற்காக, முதலில் ஆறு பக்கமும் அடைபட்ட ஒரே கூடாக முடித்து, அப்புறம் வாளால் சுற்றிலும் அறுத்து மூடியைப் பிரிக்கிறார். ஆகையால் மூடியில் ஓடும் மரரேகை பெட்டியின் உடலிலும் தொடர்ந்து ஓடுகிறது. கடைசியில் அரக்கு மெருகைத் துணியில் நனைத்துப் பலநாள் தேய்க்கிறார். இதிலே கணக்கு இருக்கிறது, மரத்தின் இயல்பைப் பற்றிய அறிவு இருக்கிறது, பொறுமை இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் இது படிப்பாகாது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்?

நிற்க, மரத்தைப் பற்றிப் பேசினோம். நமது சமூகத்துக்கும் மரத்துக்கும் இந்த நாட்டில் உள்ள உறவை யாரும் மறுக்க முடியாது. காட்டை அழித்தவர்கள் நம் முன்னோர். ரப்பர்க் கன்றை நட்டவர்கள், பால் வெட்டியவர்கள் நம் முன்னோர். 1917-ம் வருஷத்தில் இம்மாநிலத்தில் வியாபார முறையில் முதன்முதலாகச் செம்பனை பயிரானது இதே கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தெனமாரம் தோட்டத்தில்; பெயரைக் கேட்டாலே தமிழ்க்காதுக்குத் தென்னைமரம் நினைவுக்கு வரும். அங்கும் வியர்வை சிந்தியவர்களில் நம்மவர் ஏராளம். ஆனால் ரப்பர் மரத்தின் பாலை அறிந்த நாம், அதன் பலகையை அறிந்தோமா? இருபத்தைந்து முப்பது வருஷம் பால் தந்து முதிர்ந்த மரத்தை வெட்டிச் சாய்த்து, விறகாக்கினோம், புகைக்கூடத்தில் எரித்தோம், மிச்சத்தை வயலிலேயே கொளுத்தினார்கள். அந்தப் பலகையில் மாவுச் சத்து மிகுதி. ஆகவே வண்டு துளைக்கும், பூஞ்சை பிடித்து நீலம் பாயும். உதவாத மரமென்று எல்லோரும் தள்ளினார்கள்.

அதே மரத்தை அறுத்தவுடன் போரான் உப்பு ஏற்றி, சூளையில் உலர்த்தினால் நல்ல பலகையாகும் என்பதைக் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் முதலிய இடங்களில் ஆராய்ந்து கண்டார்கள். 1980-களிலிருந்து இந்நாட்டுத் தளவாட ஏற்றுமதியில் ரப்பர்ப் பலகை பெரும்பங்கு வகிக்கிறது. ஜொகூரிலுள்ள மூவார் பட்டணம் அந்தத் தொழிலுக்குத் தலைநகரமாகப் பெயர் பெற்றது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சாப்பாட்டு மேசையாகவும் நாற்காலியாகவும் நிற்பது நம் பாட்டிமார் விடியற்காலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டிய மரம். அந்த மரம் உலகமெங்கும் பிழைத்துக்கொண்டது. அதை வளர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் கையில் உளி இல்லை. இதற்கு யாரைக் குறை கூறுவது? துரையைக் கூறலாம், சர்க்காரைக் கூறலாம், அவற்றிலும் உண்மை உண்டு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவுக்கு மேல் எதுவும் வேண்டாம் என்று நினைத்த முதலாளிகள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் போன பிறகும் நாம் அந்த எண்ணத்தை விடாமல் வைத்திருப்பதற்கு அவர்களைக் குறை கூற முடியாது.

இனி நம்மவர் சொல்லும் ஆட்சேபங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, “மிஷின் மலிவாகச் செய்யும்போது கையால் ஏன் செய்ய வேண்டும்?” என்பது. மிஷினுக்கு நாம் பகையல்லர். மேசையும் அலமாரியும் மிஷினில் செய்யட்டும். ஏழையின் வீட்டுக்கும் அவை வந்து சேரட்டும். ஆனால் கடையில் மலிவாக வாங்கும் பெட்டிகளைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை. அதன்மேல் மரரேகையை அச்சடித்த காகிதம். ஒருமுறை வெள்ளம் புகுந்தாலோ, கூரை ஒழுகினாலோ ஊறிப் பருத்து உதிர்ந்துவிடும். மலிவு என்று பத்து வருஷத்தில் மூன்று முறை வாங்குகிறவன் மூன்று மடங்கு கொடுக்கிறான். பேத்தியின் கல்யாணத்துக்குப் பாட்டியின் பெட்டி வந்து சேர்வதற்கு அந்தச் சரக்கு உதவாது.

இரண்டாவது, “விலை அதிகம் சொல்கிறார்” என்பது. இங்கேதான் தொழிலாளித் தோழர்களை நேருக்கு நேர் கேட்க விரும்புகிறோம். இந்நாட்டில் சர்க்கார் விதித்திருக்கும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-ம் வருஷம் பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். மாதத்துக்கு 26 வேலைநாள் என்று கொண்டால் நாளொன்றுக்கு 65 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். மேலே விவரித்தபடி ஒரு பெட்டியை முடிக்க ஆறு நாள் என்று வைத்துக்கொண்டாலும், யாதொரு தேர்ச்சியும் இல்லாதவனுக்குரிய குறைந்த கூலியே 390 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. பலகையின் விலை வேறு. பித்தளைக் கீலும் பூட்டும் வேறு. நாற்பது வருஷத் தேர்ச்சிக்கு இன்னும் ஒரு காசுகூடச் சேர்க்கவில்லை. நாமோ அந்தத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, “நம்ம ஆளுதானே, எண்பது ரிங்கிட்டுக்குத் தரக்கூடாதா?” என்கிறோம். பிரட்டுக்களத்தில் நின்று கூலி போதாதென்று கேட்ட தந்தைக்கும் தாய்க்கும் பிறந்தவர்கள் நாம். முதலாளி நமக்குக் குறைத்துக் கொடுத்தால் அது சுரண்டல். நாம் நம் இனத்து முதியவருக்குக் குறைத்துக் கொடுத்தால் அது உரிமையா? கூலி கேட்கும் நியாயம் ஒன்றும், கூலி கொடுக்கும் நியாயம் வேறொன்றுமாக இரண்டு நியாயம் வைத்துக்கொள்ளுகிற சமூகம் எந்த மேடையிலும் நிமிர்ந்து பேச முடியாது.

மூன்றாவது, “பையன் டாக்டராகவோ வக்கீலாகவோ ஆக வேண்டும், உளி பிடித்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்பது. பிள்ளைகள் டாக்டர்களாகட்டும், அதற்காக நாம் மகிழ்வோம். ஆனால் பரீட்சையில் குறைந்த மார்க்கு வாங்கிய பிள்ளையை, “நீ மரம் அறுக்கத்தான் லாயக்கு” என்று திட்டுகிறோமே, அந்த ஒரு வசவில் இரண்டு குற்றம் செய்கிறோம். பிள்ளையை இழிவுபடுத்துகிறோம், மரம் அறுத்து நமக்கு வீடு கட்டித் தந்தவரையும் இழிவுபடுத்துகிறோம். கைத்திறமுள்ள பிள்ளை தோற்றுப்போன பிள்ளையல்ல. அவனைத் தோற்றவன் என்று சொல்லிச் சொல்லித் தெருமுனைக்கு அனுப்பியது நாம். பிறகு நம் பையன்கள் கெட்டுப்போனார்கள் என்று கூட்டம் போட்டுக் கண்ணீர் வடிப்பதும் நாம்தான்.

நான்காவது ஆட்சேபத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் உள்ளத்தில் வைத்திருக்கிறார்கள். “அது ஆசாரிமார் தொழில்; நமக்கென்ன?” என்பதே அது. தோட்டத்தில் எல்லா ஜாதியாரும் ஒரே மரத்தில்தான் பால் வெட்டினார்கள். மரம் ஜாதி கேட்கவில்லை. உளி மட்டும் கேட்குமா? கடல் கடந்து வந்தபோது தகரப் பெட்டிக்குள் ஜாதியையும் மடித்து வைத்துக்கொண்டு வந்த சமூகம், நூறு வருஷத்துக்குப் பிறகும் அதைத் திறந்து வெயிலில் கொட்டாதிருப்பது வெட்கக்கேடு.

இந்த இடத்தில் முதிய தொழிலாளர்களிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. அவர்களைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் நாம் நேர்மையாக எழுதியவர்களாக மாட்டோம். தொழில் ரகசியத்தைத் தன் குலத்துக்கு வெளியே விடக்கூடாது என்று வைத்துக்கொண்டவர்கள் அவர்களுக்குள்ளும் உண்டு. சொந்த மகன் பட்டணத்துக்குப் போய்விட்டான். பக்கத்து வீட்டுப் பையன் ஆவலோடு வந்து நிற்கிறான். அவனுக்குக் கற்றுக்கொடுக்க மனம் வருவதில்லை. வீட்டில் மகள் இருக்கிறாள். அவள் கண் கூர்மையானது, கை நிதானமானது. பெண்ணுக்கு உளி எதற்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஐயா பெரியவர்களே, உங்கள் தொழிலைச் சமூகம் மதிக்கவில்லை என்று நீங்கள் வருந்துவது நியாயம். ஆனால் கற்க வந்தவரை ஜாதியும் பாலும் பார்த்துத் திருப்பி அனுப்பினால், அந்தத் தொழிலை நீங்களும் மதிக்கவில்லை என்றே பொருள். உங்களோடு அது எரிந்து சாம்பலாகுமானால் அதில் எங்கள் பழி பாதி, உங்கள் பழி பாதி.

பிற நாட்டார் இவ்விஷயத்தில் எவ்விதம் நடந்துகொள்கிறார்கள் என்பதையும் பார்ப்போம். ஜப்பானில் ஹகோனே என்றொரு மலையூர் இருக்கிறது. பல நிற மரக்குச்சிகளை ஒட்டிக் கோலம்போல் அமைத்து, அதை மெல்லிய தாளாகச் சீவிப் பெட்டிகளின்மேல் பதிப்பது அவ்வூர்த் தொழில். எந்தப் பலகையை எந்த வரிசையில் நகர்த்தினால் திறக்கும் என்பது தெரிந்தவருக்கே திறக்கும் மாயப் பெட்டிகளும் செய்கிறார்கள். வெந்நீர் ஊற்றுக்கு வரும் பிரயாணிகள் அவற்றை வாங்கிச் செல்கிறார்கள். 1984-ல் அந்நாட்டுச் சர்க்கார் அதைப் பாரம்பரியக் கைத்தொழிலாக ஏற்றது. 1950-ம் வருஷத்திலேயே கலைச் செல்வங்களைக் காக்க அங்கே சட்டம் செய்தார்கள். அதன்கீழ்த் தேர்ந்த கைவினைஞர்களை நாட்டின் செல்வமாக அறிவித்து, தொழிலை அடுத்தவருக்குக் கற்பிப்பதற்காக வருஷந்தோறும் இருபது லட்சம் யென் கொடுத்து வருகிறார்கள். மாலை போட்டு அனுப்பிவிடுவதில்லை. மாணாக்கனைச் சேர்த்துக்கொள் என்று பணம் தருகிறார்கள்.

நமக்கு அண்மையிலேயே சான்றுண்டு. மலபாரில் தலச்சேரியை அடுத்த நெட்டூரின் பெயரால் வழங்கும் நெட்டூர்ப் பெட்டி, ஈட்டி மரத்தில் செய்து பித்தளைப் பூண் பதித்து, கூரைபோன்ற மூடி வைத்தது. மணப்பெண்ணின் நகைக்கென்று செய்யப்பட்டது. ஈழத்திலே பிறந்த தமிழர் ஆனந்த குமாரசுவாமி, 1908-ல் சிங்களக் கைவினைகளைப் பற்றிப் பெரும் நூல் ஒன்றை எழுதி, அதையும் கையச்சு இயந்திரத்திலேயே அடித்து வெளியிட்டார். தச்சனும் கொல்லனும் நெசவாளியும் அறிவாளிகள் என்பதை ஐரோப்பியருக்கே எடுத்துச் சொன்ன தமிழர் அவர். அவர் பிறந்த இனத்தில் நாமும் பிறந்திருக்கிறோம் என்று பெருமை பேசுகிறோம். அவர் சொன்னதை மட்டும் கேட்பதில்லை. இந்நாட்டு மலாய்ச் சகோதரர்களைப் பாருங்கள். அவர்கள் நிச்சயதார்த்தத்தில் தெப்பாக் சீரே என்னும் வெற்றிலைப் பெட்டிக்கு இன்றும் இடமுண்டு. நம் நிச்சயதார்த்தத்தில் வெற்றிலை பிளாஸ்டிக் தட்டில் வருகிறது.

இங்கே ஒன்றும் வசதியில்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. தேசியக் கைவினைக் கல்லூரி ரவாங்கை அடுத்த குண்டாங்கில் இருக்கிறது. கோலசிலாங்கூரிலிருந்து நெடுந்தூரமன்று. அங்கே துணி, மண், உலோகம் ஆகியவற்றோடு மரவேலையும் முறையாகக் கற்பிக்கிறார்கள். அது அங்கே இருக்கிறதென்று நம் தோட்டத்து வீடுகளில் எத்தனை வீட்டுக்குத் தெரியும்? மலேசியக் கைவினை மேம்பாட்டுக் கழகம் 1979-லிருந்து இருக்கிறது. 2005-ம் வருஷத்துத் தேசிய மரபுடைமைச் சட்டத்தில், வாழும் மனிதரையே நாட்டின் மரபுச் செல்வமாக அறிவிக்க இடமிருக்கிறது. இவற்றில் நம் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் உரிய இடத்தைக் கொடுங்கள் என்று சர்க்காரைக் கேட்பது நம் உரிமை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் கதவைத் தட்டாமலே கதவு திறக்கவில்லை என்று குறைகூறுவது ஆண்மையுமாகாது, அறிவுமாகாது. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளைக் காணவும், மெலாவத்திக் குன்றிலேறவும் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். அவர்கள் திரும்பும்போது கையில் எடுத்துப்போக இவ்வூர்க் கைவேலையில் ஒரு பெட்டி இருந்தால் வாங்கமாட்டார்களா?

கடைசியாக, நம் சங்கங்களைப் பற்றி. வருஷம் ஒருமுறை விழா. மேடையில் அந்த முதியவரை ஏற்றி, பொன்னாடை போர்த்தி, மாலையிட்டு, “கலைச் செல்வர்” என்று பட்டமும் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு இறக்கிவிடுகிறோம். அவர் வீட்டில் பொன்னாடைகள் பத்து மடிந்து கிடக்கின்றன. வாங்க ஆளில்லாத பெட்டிகளுக்குள்ளேயே அவை கிடக்கின்றன. தோட்டத்தில் வேலை முடிந்த நாளோடு தோட்டத்து வீடும் முடிந்துபோனதை நம் பெரியவர்கள் பலர் கண்டவர்கள். லயத்தை விட்டு வெளியேறியபோது அவர் பத்திரமாகத் தூக்கிவந்தது அந்த உளிப்பெட்டியைத்தான். அவருக்கு இன்று வேண்டியது துணியன்று, வாங்குகிறவரும், கற்கிறவரும்.

ஆகவே நாம் வேண்டுவன நான்கு. கல்யாணம் செய்யும் வீட்டார், வருகிற ஆயிரம் பேருக்கும் மறுநாள் குப்பைக்குப் போகும் பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுப்பதைக் குறைத்து, மணமக்களுக்கு ஒரே ஒரு மரப்பெட்டியை உரிய கூலி கொடுத்துச் செய்விக்கட்டும். கோவில் கமிட்டியாரும் சங்கத்தாரும் ஒரு வருஷத்துப் பொன்னாடைச் செலவையும் வாணவேடிக்கைச் செலவையும் நிறுத்தி, ஒரு தச்சு மேசையும் ஒரு தொகுதி கருவிகளும் வாங்கி, மண்டபத்தின் ஒரு மூலையைச் சனிக்கிழமைகளில் திறந்துவிடட்டும். கற்பிக்கும் முதியவருக்கு நாட்கூலி கொடுக்கட்டும். முதியவர்கள், வருகிறவர் எந்தக் குலம், ஆணா பெண்ணா என்று கேளாமல் உளியைக் கையில் கொடுக்கட்டும். பெற்றோர், கையால் நினைக்கத் தெரிந்த பிள்ளையைக் கண்டால் அவனையும் அவளையும் குண்டாங்குக்குக் கூட்டிச்சென்று காட்டட்டும்.

எல்லோரும் தச்சராக வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பத்துத் தோட்டத்துக்கு ஒரு பிள்ளை கற்றுக்கொண்டாலும் போதும், தொழில் நிற்கும். ஆனால் அந்த ஒரு பிள்ளைக்குக் கற்பிக்கக்கூடியவருக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்த விழாவுக்கு நாள் குறிக்கும் அன்பர்கள், அதற்கு முன்னால் ஒரு மாலைப்பொழுதில் அந்தத் தாழ்வாரத்துக்குப் போய், ஒரு பெட்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, உங்கள் பிள்ளையையும் உடன் அழைத்துப் போய் ஒரு மணி நேரம் அங்கே உட்காரவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.